காம்பு எண்ணும் கணக்கு

சென்ற கார்த்திகையில் சித்தி மகள் பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, சோப்பு போட்டேன். நாலு வாரம் காய வெச்சுட்டுத்தான் எடுத்தேன். ஆனா கை எரியுதுக்கா. தோலெல்லாம் வறவறன்னு ஆயிருச்சு."

என்ன போட்டாய் என்று கேட்டேன். நான் எழுதிக் கொடுத்த அளவுதான்: எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம், தண்ணீர் 165 கிராம். டிஜிட்டல் தராசில் நிறுத்திருக்கிறாள். கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டிருக்கிறாள். ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியில்தான் விஷயம் வந்தது. நான் கொடுத்தது துணிக்கும் பாத்திரத்துக்குமான தேங்காயெண்ணெய் சோப்பு. அதையே குளிக்கிற சோப்பாக ஆக்கலாம் என்று, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டாள். "எண்ணெயை மட்டுந்தான்க்கா மாத்தினேன். அளவுல ஒரு கிராம் மாத்தலை."

அளவை மாற்றாமல் விட்டதுதான் வினை. ஆனால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழம்புக்கு நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டால் கடலெண்ணெய் ஊற்றித் தாளிக்கிற கை அது. சமையலறையில் எண்ணெய்க்கு எண்ணெய் மாற்றினால் ருசி மாறும், அவ்வளவுதான். சாப்பிடுகிறவர் முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட்டுவிடுவார். சோப்புச் சட்டியில் எண்ணெய் வேறொரு வேலை பார்க்கிறது. அளவைக் கொடுத்த நான், அந்த 87 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றையும் மூன்று காய் உள்ள ஒரு கொத்தாக நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தின் தண்டு கிளிசரின். காய் ஒவ்வொன்றும் ஒரு கொழுப்பு அமிலம். காம்பால் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காஸ்டிக் சோடா இந்தக் காம்பை அறுக்கிறது. அறுபட்ட இடத்தில் ஒரு சோடியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சோடியம் பிடித்த அந்தக் காய்தான் சோப்பு. தனித்துப்போன தண்டு கிளிசரினாக அதே கட்டிக்குள் தங்கிவிடும். ஒரு காம்புக்கு ஒரு காஸ்டிக் சோடா மூலக்கூறு. இதில் பேரம் கிடையாது.

இப்போது ஒரு கிலோ சுண்டைக்காயும் ஒரு கிலோ கத்தரிக்காயும் வாங்கிவந்து காம்பு கிள்ள உட்காருங்கள். எடை ஒன்றுதான். ஆனால் கத்தரிக்காயை முடித்துவிட்டு நீங்கள் எழுந்துபோன பிறகும் சுண்டைக்காய்க்காரர் கிள்ளிக்கொண்டே இருப்பார். தேங்காயெண்ணெய் சுண்டைக்காய் சாதி. அதன் அமிலங்களில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் நீளமே உள்ள லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் பெரும்பகுதி 18 கார்பன் நீளமுள்ள ஒலியிக், லினோலிக் அமிலங்கள். காய் பெரிது என்பதால் அதே எடைக்குக் காம்பு குறைவு. கணக்கில் சொன்னால், ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்; நல்லெண்ணெய்க்கு 0.135 போதும். 500 கிராம் நல்லெண்ணெய் 67 கிராம் சொச்சத்தைத்தான் தின்னும். அவள் போட்டது 87. மிச்சம் இருபது கிராமுக்குக் கொஞ்சம் குறைவான காரம், அறுக்கக் காம்பு கிடைக்காமல் கட்டிக்குள் காத்திருந்து, அவள் கையைப் பார்த்ததும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. நம் தோலிலும் கொழுப்பு உண்டு.

எண்ணெயும் கொழுப்பும் இப்படிக் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தவை என்று பிரான்சின் மிஷேல் யூஜின் ஷெவ்ரேல் ஆராய்ந்து 1823-ல் புத்தகமாகப் போட்டார். அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் நல்ல சோப்பே செய்துவந்தார்கள். ஏன் அது சோப்பாகிறது என்று தெரியாமல், கைப்பழக்கத்தில் செய்தார்கள். ஷெவ்ரேல் 102 வயதுவரை வாழ்ந்தார் என்பதைச் சோப்போடு முடிச்சுப்போடத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்த எண்களைச் சோப்புப் போடுகிறவர்கள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள்: கடலெண்ணெய் 0.136, வேப்பெண்ணெய் 0.137, பாமாயில் 0.142, விளக்கெண்ணெய் 0.128. எல்லாம் சராசரிதான். விதையும் மண்ணும் மாறினால் மூன்றாவது தசமம் சற்று அசையும். அதற்காகத்தான் கணக்கில் வருகிற காரத்தில் 5 விழுக்காட்டைக் குறைத்துப் போடுகிறோம். கொஞ்சம் எண்ணெய் அறுபடாமல் மிஞ்சட்டும், காரம் மட்டும் மிஞ்சக் கூடாது. 500 கிராம் தேங்காயெண்ணெய்க்கு 91.5 வரவேண்டிய இடத்தில் 87 என்று நான் எழுதியது அதனால்தான். குளிக்கிற சோப்பைத் தேங்காயெண்ணெயில் மட்டுமே செய்வதாக இருந்தால் 15, 20 விழுக்காடுவரை எண்ணெயை மிச்சம் விடுவார்கள். இல்லையென்றால் தோல் சுண்டிப்போகும்.

இதே இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குக் கணக்குப் போட்டுவைத்த காரத்தில் ஒரு லிட்டர் பாக்கெட்டை உடைத்து ஊற்றினால், பாதுகாப்புக்கு விட்ட 5 விழுக்காடும் காலியாகி, அதற்கு மேலும் ஏழு கிராம் காரம் மிஞ்சும். சமையலில் எண்ணெயைக் கரண்டியால் அளக்கிற நாம், சோப்புக்கு எல்லாவற்றையும், தண்ணீரைக்கூட, தராசில்தான் வைக்க வேண்டும்.

காரக் கணக்கு சரியாகிவிட்டால் தோல் எரியாது. ஆனால் அது நல்ல சோப்பாகிவிடும் என்று சொல்ல முடியாது. காம்பின் எண்ணிக்கை காரத்தைத் தீர்மானிக்கிறது. காயின் நீளமும் வளைவும் சோப்பின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. தேங்காயெண்ணெயின் குட்டைக் காய்கள் தண்ணீரில் சட்டென்று கரையும். நுரை பொங்கும், அழுக்குப் போகும், கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் போகும். உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைப்பது இதுதான். அந்தக் காலத்தில் கப்பலில் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காயெண்ணெய் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள். போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள ஊர்க்காரர்களுக்கு நான் தேங்காயெண்ணெயைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்வேன். அந்தத் தண்ணீரில் கால்சியம் வந்து சோடியத்தைத் தள்ளிவிட்டுக் காம்பைப் பிடித்துக்கொள்கிறது. பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிற பிசுக்கு அதுதான்.

பாமாயிலிலும் இலுப்பெண்ணெயிலும் உள்ள பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் வளைவில்லாத நீளக் காய்கள். அடுக்கிவைத்த விறகுபோல நெருங்கிப் படுத்துக்கொள்ளும். கட்டி இறுகும், சோப்புத் தட்டில் கொழகொழக்காது. ஒலியிக் அமிலத்துக்கு நடுவில் ஒரு வளைவு. அதில் மென்மையான, தோலுக்கு இதமான சோப்பு வரும், இறுகத்தான் நாளாகும். விளக்கெண்ணெய் இந்தக் கூட்டத்தில் சேராத தனிப்பிறவி. அதன் ரிசினோலியிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. தானாக நுரைக்காது, மற்ற எண்ணெய் எழுப்பிய நுரையைத் தாங்கிப்பிடிக்கும். நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் போனால் கட்டி ஒட்டும். மற்ற எண்ணெய்களுக்கு இன்னொன்றைக் கைகாட்டிவிடலாம், விளக்கெண்ணெய்க்கு மாற்றாக எனக்கு இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே "இதற்குப் பதில் எது?" என்ற கேள்விக்கு, அந்த எண்ணெய் இந்தச் சோப்பில் என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வெளிநாட்டுச் செய்முறைகளில் ஆலிவ் எண்ணெய் பாதிக்குப் பாதி இருக்கும். அவர்களுக்கு அது பக்கத்துத் தோட்டத்து எண்ணெய். நமக்கு விலையைப் பார்த்தால் நெஞ்சடைக்கும். அதன் இடத்தில் கடலெண்ணெய் ஊற்றலாமா? கார அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், 0.135-க்கு 0.136. எரியாது. ஆனால் ஆலிவில் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கிற லினோலிக் அமிலம், கடலெண்ணெயில் முப்பதை ஒட்டி வரும். நல்லெண்ணெயில் நாற்பதைத் தாண்டும். லினோலிக் அமிலத்தில் வளைவு இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாகக் கடிக்கும். ஒலியிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக. ஐந்தாறு மாதத்தில் சோப்பின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் கிளம்பும். முகர்ந்தால், தீபாவளி முறுக்கைப் பொங்கலுக்கு டப்பாவிலிருந்து எடுத்ததுபோல் சிக்கு வாடை. என் அலமாரியில் ஒருமுறை பதினாறு கட்டி அப்படிப் போனது. எல்லாம் நல்லெண்ணெய்ச் சோப்பு. கோடையில் செய்து மழைக்காலத்துக்கு எடுத்துவைத்தது. மூன்று மாதத்தில் தேய்ந்து தீர்கிற வீடென்றால் கடலெண்ணெய் ஊற்றுங்கள், ஒன்றும் ஆகாது. பத்து மாதம் வைத்து விற்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

பாமாயிலுக்கு இங்கே அலைய வேண்டியதில்லை, ரேஷன் கடையிலேயே கிடைக்கிறது. அது பாமாயிலின் திரவப் பகுதி என்பதால் முழுப் பாமாயில் அளவுக்குக் கட்டியை இறுக்காது. பரவாயில்லை, நம் வேலைக்குப் போதும். நல்ல இலுப்பெண்ணெய் கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம். விளக்கேற்ற மட்டும் என்று ஒதுக்கப்பட்ட எண்ணெய், சோப்பில் அழகாக இறுகுகிறது.

எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் கடைசியில் காரத்திடம் வருவார்கள். "காஸ்டிக் சோடா வேணாங்க, கெமிக்கல். ஆப்ப சோடா போடலாமா?" ஆப்ப சோடாவுக்குக் காம்பறுக்கும் பலம் கிடையாது, சலவைச் சோடாவும் வீட்டு அடுப்பில் அந்த வேலையைச் செய்யாது. உவர்மண்ணைப் போட்டு வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்கள் கையாண்டதும் சோடியம் கார்பனேட்தான். அதன் காரம் துணியிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை இளக்கியது, அவ்வளவே. ஐரோப்பாவில் கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்தும், 1791-ல் நிக்கோலா லெப்லான் காப்புரிமை வாங்கிய பிறகு கறியுப்பிலிருந்தும் சோடா எடுத்தார்கள். அதையும் அப்படியே எண்ணெயில் கொட்டவில்லை. சுண்ணாம்போடு சேர்த்துத்தான் காஸ்டிக் ஆக்கினார்கள். சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுத்தாலும் இதே கதை. பொட்டாசியம் பிடித்த காய்கள் கட்டியாகாமல் களிம்பாகவே நிற்கும். காஸ்டிக் சோடாவே போடாமல் உருக்கி ஊற்றுகிற சோப்பு பேஸ் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சேதி: அதில் காரத்தை வேறொருவர் முன்னதாகப் போட்டுவிட்டார். கெமிக்கல் இல்லாத சோப்பு என்று ஒன்று இல்லை. காரமே படாமல் நுரை வேண்டுமென்றால் சீயக்காய், பூந்திக்கொட்டை இருக்கின்றன. அவற்றின் நுரை சபோனினால் வருவது. அது வேறு வம்சம்.

காரத்தைக் கரைக்கும்போது தண்ணீரில் காரத்தைக் கொட்ட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. முதல் வருடம் நான் கைக்கு வந்த கரண்டியைப் போட்டுக் கலக்கினேன். அது அலுமினியம். சோடா பாட்டில் திறந்ததுபோல் சீறிக்கொண்டு குமிழி கிளம்பியது. கரண்டி கறுத்து அரிக்கத் தொடங்கிவிட்டது. காரமும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பக்கத்து அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

தண்ணீரின் இடத்தில் வேறொன்றை ஊற்றுவது பலருக்கு ஆசை. ஆட்டுப்பால் ஊற்றலாம், ஆனால் உறையவைத்துப் பனிக்கட்டியாக்கி, அதன்மேல் காரத்தைச் சிறுகச் சிறுகத் தூவ வேண்டும். இல்லையென்றால் சூட்டில் பாலின் சர்க்கரை கருகி, வெள்ளைச் சோப்பு கேட்டவருக்குப் பால்கோவா நிறத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இளநீரிலும் சர்க்கரை உண்டு, கலவை சூடேறி அச்சிலிருந்து பொங்கக்கூடும். எலுமிச்சைச் சாறுதான் சத்தமில்லாமல் ஏமாற்றும். நூறு கிராம் சாற்றில் ஐந்தாறு கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும். அது மூன்றரை கிராம் காரத்தை எண்ணெய்க்கு விடாமல் தானே விழுங்கிவிடும். சோப்பு எரியாது, இளகிப்போகும். தெரிந்து செய்தால் இதுவே நன்மை. 10 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு, அதற்கென்று 6.2 கிராம் காரம் கூட்டினால் கட்டிக்குள் சோடியம் சிட்ரேட் உருவாகும். அது போர்த் தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துவைத்து, பிசுக்குப் படிவதைக் குறைக்கும்.

நிறம் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் ஏன் சிவக்கிறது? சுண்ணாம்பின் காரம் பட்டதால். சோப்புச் சட்டியிலும் அதே கூத்து நடக்கும். மஞ்சள் தூள் விழுந்ததும் கலவை குங்குமமாகிவிடும். காய்ந்து காரம் தணியத் தணியச் செங்கல் நிறம், பிறகு மங்கின காவி. வெயில் பட்டால் அதுவும் போய்விடும். மஞ்சள் சோப்பு எலுமிச்சம்பழ நிறத்தில் பளபளத்தால் அந்த நிறம் மஞ்சளிலிருந்து வந்திருக்காது. செம்பருத்தியின் சிவப்பு காரத்தில் பச்சையாகிப் பிறகு பழுப்பாகும். பீட்ரூட்டின் ரோஜா நிறம் பழுப்பு மஞ்சளாகிப்போகும். குப்பைமேனி, துளசியின் பச்சை சில வாரங்களில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். தாக்குப்பிடிப்பவை மண்ணும் கரியும், செடிகளில் அவுரி. மூலிகையின் குணம் சோப்பில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டால், அரை நிமிடம் தோலில் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போகிற பொருளிடம் நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. சிலர் மஞ்சள் தண்ணீரைத் தொட்டுச் சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். நல்ல சோப்பே 9, 10 பிஹெச் இருக்கும். அதிலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும்.

வாசனையில் ஒரே ஒரு எச்சரிக்கை: கிராம்புத் தைலம். கலவை இட்லி மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியால் கோடு போட்டால் மறையாமல் நிற்கிற நேரத்தில் அதை ஊற்றினேன். மூன்று சுற்று சுற்றுவதற்குள் மத்து நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. சட்டியையே அச்சாக வைத்து, மறுநாள் கத்தியால் பெயர்த்தெடுத்தோம்.

பொள்ளாச்சிக்குத் திரும்புகிறேன். தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கட்டிக்குள் இன்னும் காரம் காத்திருக்கிறது, அதற்குக் காம்பு கொடுத்தால் போதும். 87 கிராம் காரத்துக்கு, 5 விழுக்காடு எண்ணெய் மிச்சம் விட்டு, இன்னும் எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று பார்த்தோம். அவள் ஃபோனில் தட்டிப் பார்த்துத் தானே சொன்னாள்: தேங்காயெண்ணெய் என்றால் 130 கிராம் சொச்சம், நல்லெண்ணெய் என்றால் 178. "தேங்காயே போடறேன்க்கா, நுரையும் வரும், இறுகவும் செய்யும்." கையுறை போட்டுக்கொண்டு காய்த்துருவியில் அத்தனையையும் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எவர்சில்வர் குண்டானில் சிறுதீயில் இரண்டு மணி நேரம் கிளறியிருக்கிறாள்.

படம் அனுப்பினாள். ஆறிப்போன ரவை உப்புமாவை வெட்டி அடுக்கியதுபோல் இருந்தது. நாலைந்து வாரம் காயவிட்டுப் போட்டுப் பார்த்ததில் எரிச்சல் இல்லையாம். சித்தி அதைக் குளியலறையில் வைக்கவிடவில்லை, பின்கட்டில் கை கழுவுகிற இடத்தில் வைத்திருக்கிறார். நல்லெண்ணெய் கூடுதல், பங்குனிக்குள் தீர்த்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.